முக்காட்டுக்குப் போராட்டம், பங்குக்கு மவுனமா?

முஸ்லிம் பெண் என்ன நினைக்கிறாள்? இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் எல்லோரும் பதில் வைத்திருக்கிறார்கள். "அவள் அடிமைப்பட்டுக் கிடக்கிறாள், நாங்கள்தான் விடுவிக்க வேண்டும்" என்று சங்பரிவார மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பேசுகிறார்கள். "எங்கள் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று நம்முடைய மேடைகளில் நாம் பதிலடி கொடுக்கிறோம். இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்?

சகோதரர்களே! கேட்டால் ஒரே பதில் வராது. ஹிஜாபைத் தன் கண்ணியமாகக் கருதி விரும்பி அணிகிற பெண் இருக்கிறாள். வீட்டாருக்குப் பயந்து அணிகிறவளும் இருக்கிறாள். அணியாமலே ஐந்து வேளை தொழுகிறவளும் இருக்கிறாள். சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்கிறாள் ஒருத்தி. மார்க்கம் தந்த உரிமையை ஒழுங்காகத் தந்தாலே போதும் என்கிறாள் இன்னொருத்தி. இவர்கள் எல்லோரும் நம் வீட்டுப் பெண்கள். இவர்களில் நமக்குப் பிடித்ததைச் சொல்கிறவளை மட்டும் மேடையேற்றி, மற்றவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கி வைக்கிறோம். இது சமுதாயத்துக்கு நல்லதா? சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

உடுப்பி சொன்ன பாடம்

2021 டிசம்பர் இறுதியில் கர்நாடக மாநிலம் உடுப்பியின் அரசு மகளிர் பியூ கல்லூரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்குள் விடப்படவில்லை. 2022 பிப்ரவரி 5-ம் தேதி மாநில அரசு சீருடை ஆணை பிறப்பித்தது. மார்ச் 15-ம் தேதி, ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத கடமை அல்ல என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடை செல்லும் என்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா அதை ரத்து செய்தார். அது அந்தப் பெண்ணின் விருப்பம்; அவளுடைய படிப்புதான் முதல் அக்கறை என்பதே அவருடைய தீர்ப்பின் சாரம்.

நாமும் தெருவில் இறங்கினோம். அது சரியான போராட்டம். இன்றும் அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாண்டியாவில் காவித் துண்டு அணிந்த கூட்டத்தின் நடுவே தனியாகத் தக்பீர் முழங்கிய மாணவியின் படம் நம் சுவரொட்டிகளில் எல்லாம் இடம்பெற்றது. ஆனால் அந்த மாணவி அன்று கல்லூரிக்கு வந்தது எதற்காக? அசைன்மென்ட் கொடுப்பதற்காக! படிக்க வந்த பெண்ணை மறித்ததுதான் அங்கே நடந்த அநியாயம். அப்படியானால் மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துகிற நம் வீட்டு அநியாயத்துக்கு என்ன பெயர்?

துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமிதான் பின்னாளில் சல்மா என்ற பெயரில் எழுத்தாளரானார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவருடைய எழுத்தில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அதை வாதத்தால் மறுப்போம். ஆனால் அவரது படிப்பை நிறுத்தியது எந்த அரசாணை? எந்த நீதிமன்றம்? எதுவுமில்லை. ஊர் வழக்கம்தான் நிறுத்தியது. அந்த வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா?

துணியை வைத்து அரசியல்

பெண்ணின் உடையைத் தங்கள் அதிகாரத்தின் அடையாளமாக்குவது ஆட்சியாளர்களுக்குப் பழகிப்போன வேலை. ஈரானில் ரிஸா ஷா 1936-ல் முக்காட்டைத் தடை செய்தார். தெருவில் வந்த பெண்களின் முக்காட்டைக் காவலர்கள் உருவினார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அதே நாட்டில் முக்காடு கட்டாயமானது. 2022 செப்டம்பரில் உடை சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண், காவலில் இருந்த நிலையில் இறந்தார். பிரான்சில் 2004-ல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை. 2023-ல் அபாயாவுக்கும் தடை. துருக்கியில் 1999-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மெர்வே கவக்சி, முக்காடு அணிந்து வந்ததற்காக நாடாளுமன்றத்தில் பதவியேற்க முடியாமல் திரும்பினார்.

பிரான்சில் நடப்பது அக்கிரமம் என்றால் நாம் கைதட்டுகிறோம். ஈரானில் நடந்ததும் அக்கிரமம் என்றால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஏன்? ஹிஜாப் அல்லாஹ்வின் கட்டளை என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தக் கட்டளைக்கு ஈமானால் கீழ்ப்படிய வேண்டும். லத்திக்குப் பயந்து அணிகிற துணியால் ஈமான் வளருமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரா அந்நூரில் பெண்களின் உடையைப் பற்றிப் பேசுகிறது 31-வது வசனம். அதற்கு முந்தைய 30-வது வசனம் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது: பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்று. நாம் 31-ஐ மனப்பாடம் செய்து பெண்களுக்கு உபதேசிக்கிறோம். 30 யாருக்கு வந்தது? செல்போனைக் கையில் வைத்திருக்கும் இளைஞனே, உனக்குத்தான் வந்தது!

தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது சந்தையையும் மறக்கக் கூடாது. பெண்ணின் உடலைக் காட்டி விற்பதை எதிர்ப்பது நாம் மட்டுமல்ல. 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, மதம் சாராத பெண்கள் இயக்கங்களும் வீதிக்கு வந்தன. கறுப்பு நிறத்தை இழிவுபடுத்துவதாகப் பலரும் கண்டித்த பிறகு 2020-ல் "ஃபேர் அண்ட் லவ்லி" தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ஆனால் பெண் பார்க்கப் போகும் நம் வீட்டார் மாறினார்களா? "தீன்தாரியான பெண் வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த வார்த்தை, "கலரா இருக்கணும்!"

கேட்ட பெண்களுக்குக் காது கொடுத்த நபி

பெண்கள் கேள்வி கேட்டால் மார்க்கம் ஆட்டம் கண்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஹதீஸ் நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும். தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வழக்காடிய பெண்ணின் முறையீட்டை அல்லாஹ் ஏழு வானங்களுக்கு மேலிருந்து கேட்டான். அந்த அத்தியாயத்துக்கே வழக்காடுபவள் என்ற பொருளில் "அல்முஜாதலா" என்று பெயர். தம் சம்மதமில்லாமல் தந்தை திருமணம் செய்து வைத்துவிட்டார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) வந்து முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்து செய்தார்கள். ஆண்களே உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டார்கள், ஒதுக்கினார்கள்.

விடுதலை பெற்ற அடிமைப் பெண் பரீரா (ரலி) கணவரைப் பிரிந்தபோது, அவருக்காக நபி (ஸல்) அவர்களே பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் பரீரா. நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. இன்று ஒரு பெண் நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இப்படிப் பேசிவிட்டு நிம்மதியாக ஊரில் இருக்க முடியுமா?

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கியபோது நம்மில் பலர் கொதித்தோம். தனி ஜமாஅத் தீர்வல்ல என்பதே நம் கருத்து. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி என்ன? கணவன் மனைவி வழக்கில் கணவன் உள்ளே உட்கார்ந்து பேசுகிறான். மனைவியின் தரப்பை அவளுடைய அண்ணனோ மாமாவோ சொல்கிறார். அவள் வாயால் சொல்ல ஏன் இடமில்லை என்பதுதான். இதற்கு நாம் என்ன பதில் சொன்னோம்?

கடை யாருக்கு? குடோன் யாருக்கு?

வணிகப் பெருமக்களே! இனி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரண்டு பெண் குழந்தைகளுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். சொத்து முழுவதையும் குழந்தைகளின் சித்தப்பா எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதிதான் உனக்கு என்று அந்தச் சகோதரருக்கு ஆணையிட்டார்கள்.

இன்று நம் ஊர்களில் நடப்பது என்ன? வாப்பா மவுத்தாகி நாற்பது நாள் ஆவதற்குள் கடை ஒருவருக்கு, குடோன் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு என்று ஆண்மக்கள் பிரித்துக்கொள்கிறார்கள். பெண்மக்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே, சீர் செய்தாச்சே!" கல்யாணச் செலவு வாரிசுப் பங்கில் கழியும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்று பயந்து அவள் கையெழுத்துப் போடுகிறாள். பயத்தில் போட்ட கையெழுத்து சார்பதிவாளரிடம் செல்லும், மறுமையில் செல்லுமா? பங்குகளைச் சொல்லி முடித்த கையோடு, இவை அல்லாஹ்வின் வரம்புகள், மீறினால் நரகம் என்று எச்சரிக்கிறது சூரா அந்நிஸா.

ஊர் வழக்கத்தின் பெயரால் பெண்களின் பங்கு பறிபோகக் கூடாது என்பதற்காகவே நம் முன்னோர் 1937-ல் ஷரீஅத் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949-ல் அதையும் சேர்த்துத் திருத்தியது. சட்டம் நம் கையில் இருக்கிறது. கொடுக்க மனம்தான் இல்லை.

கேரளத்தில் 2023 மார்ச் 8-ம் தேதி ஒரு முஸ்லிம் தம்பதி, தங்கள் சொத்து மூன்று மகள்களுக்கே முழுதாகச் சேர வேண்டும் என்று, சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மீண்டும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த வழி நமக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அப்படிச் செய்ய அவர்களுக்கு ஏன் தோன்றியது? சகோதரனுக்கு இரு பங்கு வைத்த அதே மார்க்கம், சகோதரியைத் தாங்கும் பொறுப்பையும் அவன் தோளில் வைத்தது. இரு பங்கை வாங்கிக்கொண்டு பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவன்தான் ஷரீஅத் சட்டம் அநீதியானது என்று எதிரிகள் பேச இடம் கொடுக்கிறான்.

உங்கள் கடைகளையும் பாருங்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணை உட்காரச் சொல்வதற்கு நமக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. கடைவீதிக்கு வந்த பெண்ணுக்கு அஸர் நேரமானால் ஒளுச் செய்யவும் தொழவும் இடமுண்டா? பள்ளிவாசலை விட்டுப் பெண்களைத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழி நமக்குத் தெரியாததா?

2019 மறந்துவிட்டதா?

ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லிப் பெண்களைத் தெருவில் விட்டவர்களைப் பல்லாண்டு காலம் கண்டும் காணாமல் இருந்தோம். ஷாயரா பானுவும் வேறு சில முஸ்லிம் பெண்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த 2017-ல்தான், இனிக் காஜிகள் மூலம் மாப்பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வோம் என்று தனியார் சட்ட வாரியம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2019-ல் மூன்றாண்டு சிறை என்று சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் உள்நோக்கத்தை நாம் அறிவோம். ஆனால் கதவைத் திறந்து வைத்தது யார்? நம் பெண்களின் அழுகையை நாம் கேட்காதபோது, கேட்பதுபோல் நடிக்கிறவன் உள்ளே நுழைகிறான்.

எனவே இளைஞனே! ஹிஜாபுக்காக முழங்கிய அதே வாயால், வரதட்சணையும் கைக்கூலியும் வாங்க மாட்டேன் என்று உன் வீட்டில் சொல். மஹரைப் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் அவள் கையில் கொடு. வணிகரே! தந்தை விட்டுச் சென்ற கணக்கை எடுத்து, சகோதரியின் பங்கு நின்றுபோயிருந்தால் இந்த மாதமே கொடுத்து விடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! பெண் சம்பந்தப்பட்ட வழக்கில் அந்தப் பெண்ணையே பேசச் சொல்லி, அவள் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவள் சொல்வதெல்லாம் நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டியதில்லை. தவறு இருந்தால் ஆதாரத்தோடு எடுத்துச் சொல்வோம். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுச் சொல்வோம். கடன்காரனின் உபதேசம் யார் காதிலும் ஏறாது.

வல்ல அல்லாஹ் நம் கைகளில் தேங்கி நிற்கும் பிறர் உரிமைகளை உரியவர்களிடம் சேர்க்கும் மனத்துணிவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.