சிங்கராஜ வனமும் லங்காகம வீதியும்

2020 ஓகஸ்டில், சிங்கராஜ வனப்பகுதியில் லங்காகமக் கிராமத்துக்கு வீதி அமைக்கப்பட்டபோது, அவ்வனத்தில் ஒருநாளேனும் காலடி வைத்திராதோரும் கொதித்தெழுந்தனர். யானும் அவருள் ஒருவன். படத்திற் கண்ட அளவிலேயே மனம் பதைத்தேன். காணாக் காட்டின்மேற் காதலா என நகைத்தல் தகாது. 1970களில் அங்கே மரந்தறித்த இயந்திரங்கள் 1977இல் நின்றமைக்கு மக்கள் எதிர்ப்பும் ஒரு காரணம். 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையும் ஆயிற்று.

ஆயினும், லங்காகம மக்கள் அவ்வீதியை வேண்டிநின்றனர். அவர்களை வனத்தின் பகைவரெனக் கொள்ளல் எனக்கு உடன்பாடன்று. நம்பியகப்பொருள் நூலார் கருப்பொருள் 14 என எண்ணுமிடத்து, மரத்தோடும் விலங்கோடும் ஊரையும் மாந்தரையும் தொழிலையும் உடன்வைக்கின்றார். மாணாக்கர்க்கு அச்சூத்திரத்தை ஆண்டுதோறும் ஓதுவிக்கும் யானே, அப்படத்தைப் பார்த்தபோது வெட்டுண்ட மரங்களை எண்ணினேனேயன்றி, மழைநாளில் அவ்வூரார் எவ்வழியே வைத்தியசாலைக்குச் செல்வர் என்று எண்ணவில்லை.