தூக்கமின்மை அற்பமானதொரு முறைப்பாடல்ல

நோயொன்றுக்கான மருந்து நோயாளியின் கைக்குக் கிட்டிவிட்டால் வைத்தியத்துறையின் கடமை நிறைவேறிவிட்டதாகக் கருதும் போக்கு பல நாடுகளிலும் காணப்படுகின்றது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தவாறே, ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக மெதடோன் சிகிச்சை பெறுவோரை வாட்டும் தூக்கமின்மை, இப்போக்கு எவ்வளவு தவறானது என்பதை உணர்த்தி நிற்கின்றது. இவ்விரு சிகிச்சைகளையும் பரந்த அளவில் வழங்கிவரும் வியட்நாமின் அனுபவத்தை இங்கு நோக்குவது பொருத்தமாகும்.

வியட்நாமின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றாளர் 1990 ஆம் ஆண்டில் ஹோ சி மின் நகரில் இனங்காணப்பட்டார். பின்னர் ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றிக் கொள்வோர் மத்தியில் தொற்று வேகமாகப் பரவியது. அவர்களைக் கட்டாய புனர்வாழ்வு நிலையங்களில் அடைத்து வைப்பதையே பிரதான தீர்வாகக் கொண்டிருந்த அரசாங்கம், 2006 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தின் மூலம் மாற்று மருந்துச் சிகிச்சைக்கு இடமளித்தது. 2008 ஆம் ஆண்டில் ஹாய் போங், ஹோ சி மின் ஆகிய நகரங்களில் பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்ட மெதடோன் சிகிச்சை பின்னர் 50,000 இற்கும் அதிகமானோரைச் சென்றடைந்தது. இத்தகைய சிகிச்சை, போதை ஊசி ஏற்றுவோருக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கின்றது என்பது சர்வதேச ஆய்வுகளின் முடிவாகும்.

எனினும், நாள்தோறும் நிலையத்துக்குச் சென்று மெதடோனை அருந்தித் திரும்பும் ஒருவர் இரவில் உறங்கினாரா என்ற கேள்வி இலகுவில் மறக்கப்பட்டு விடுகின்றது. மெதடோன் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலானோர் தூக்கக் குறைபாட்டினால் அவதியுறுவதை ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. உறக்கமிழந்தவரின் மனம் சோர்வடைகின்றது. மருந்தை உரிய நேரத்தில் உட்கொள்ளும் ஒழுங்கு குலைகின்றது. உறக்கத்தைத் தேடி அவர் மதுவையோ மீண்டும் ஹெரோயினையோ நாடக்கூடும். எச்.ஐ.வி. மருந்து தொடர்ந்து தவறினால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகும்.

இத்தூக்கமின்மைக்குக் காரணம் ஒன்றல்ல. வறிய நாடுகளில் நீண்டகாலம் முதனிலை மருந்தாக வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ், கொடுங்கனவுகளை ஏற்படுத்துவதுடன் இரத்தத்திலுள்ள மெதடோனின் அளவையும் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கவல்லது. தனித்தனியே நோக்கின் இரண்டும் உயிர் காக்கும் மருந்துகளே. இரண்டும் சேரும்போதோ, நோயாளி விடியுமுன்னரே உடல்நோவும் வியர்வையுமாக விழித்துக் கொள்ள நேரிடலாம். அவருக்குத் தேவை தூக்க மாத்திரையல்ல. மெதடோனின் அளவைத் திருத்துவதேயாகும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஆம் ஆண்டில் முதனிலை மருந்தாக உறுதிசெய்த டொலுடெக்ரவிர் மெதடோனின் அளவைக் குறைப்பதில்லை. ஆயினும் அதுவும் சிலரின் தூக்கத்தைக் கெடுப்பதுண்டு. காலையில் உட்கொள்வதன் மூலம் இதனைத் தணிக்கலாம். மறுபுறம், மெதடோனே சிலருக்கு உறக்கத்தின்போது மூச்சுத் தடைப்படக் காரணமாகின்றது. அவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டுவது விபரீதத்தில் முடியலாம். காரணத்தை அறியாது சிகிச்சையளிப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டயஸிபாம் போன்ற மாத்திரைகளை எழுதிக் கொடுப்பது இலகுவான வழியாகத் தோன்றலாம். ஆனால், மெதடோனுடன் அவை சேரும்போது சுவாசம் நின்று மரணம் சம்பவிக்கலாம். இதன் காரணமாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 ஆம் ஆண்டில் அதியுயர் எச்சரிக்கையை விடுத்தது. அதேவேளை, அம்மாத்திரைகளைப் பாவிக்கின்றார் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு மெதடோனை மறுத்துவிடக் கூடாது என்றும் 2017 ஆம் ஆண்டில் அது அறிவுறுத்தியது. வேறு மாத்திரைகளும் கைகொடுத்ததாகக் கூறுவதற்கில்லை. மெதடோன் சிகிச்சை பெறுவோருக்கு டிரசொடோன் வழங்கி நடத்தப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அது வெற்று மாத்திரையை விடச் சிறந்த பலனை அளிக்கவில்லை.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் நாட வேண்டியது மருந்தல்ல, உளவியல் ரீதியான நடத்தைச் சிகிச்சையே என அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. குறித்த நேரத்தில் எழுதல், படுக்கையை உறக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தல், உறக்கம் பற்றிய அச்சத்தை மாற்றியமைத்தல் என்பன அதன் அடிப்படைகளாகும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பயிற்றப்பட்ட ஆலோசகர்களும், அவர்களுக்கு நோயாளியுடன் பேச அவகாசமும் இருந்தாலே போதுமானது.

எச்.ஐ.வி. சிகிச்சையும் மெதடோன் சிகிச்சையும் வெவ்வேறு இடங்களில், ஒருவரையொருவர் அறியாத வைத்தியர்களால் வழங்கப்படும் வரை மேற்கூறிய சிக்கல்கள் எவர் கண்ணிலும் படப்போவதில்லை. இரு மருந்துச் சீட்டுகளும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். உறக்கத்தைப் பற்றி ஒவ்வொரு தடவையும் விசாரிப்பது வழமையாக்கப்பட வேண்டும். உறக்கமிழந்து மீண்டும் போதையை நாடியவரை மனவுறுதியற்றவர் என்று பழிப்பது இலகுவானது. அவரது முறைப்பாட்டைச் செவிமடுக்க நாம் தவறினோமா என்பதே முதலில் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.