ஈசாக்கின் ஐயம்

தொடக்கநூலின் 27ஆம் அதிகாரத்தில் கண்ணொளி மங்கிய ஒரு முதியவரைக் காண்கிறோம். தலைமகன் ஏசாவுக்கு ஆசி வழங்க ஈசாக்கு காத்திருக்கிறார். இளையவன் யாக்கோபோ அண்ணனின் ஆடையை உடுத்தி, ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளில் போர்த்து வந்து, தானே ஏசா என்கிறான். குரலைக் கேட்டதும் தந்தைக்கு ஐயம் எழுகிறது. கையைத் தடவிப் பார்த்து அதை அடக்கிவிடுகிறார். ஆசி கைமாறிவிடுகிறது. அருகிருந்து உண்மை உரைக்க வேண்டிய ரெபேக்காவே அந்த ஏற்பாட்டைச் செய்தவர். கேட்டுத் தெளிய அவருக்கு ஒருவரும் இல்லை.

வெள்ளானூரில் ஒரு பகற்பொழுதை எண்ணிப் பார்ப்போம். ஆவடியில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டில் தனியே இருக்கிறார். பிள்ளைகள் அம்பத்தூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். கைப்பேசி ஒலிக்கிறது. பேசுபவர் ஓய்வூதிய அலுவலகத்தார் என்கிறார். பெரியவரின் பெயர், பணி ஓய்வு நாள், ஆதார் எண் யாவும் பிழையின்றிச் சொல்கிறார். ஆயுள் சான்றைப் புதுப்பிக்க, கைப்பேசிக்கு வந்துள்ள ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறார். இத்தனையும் அறிந்தவர் அதிகாரியாகத்தானே இருப்பார்? அந்த விவரங்களே இன்றைய ஆட்டுத்தோல்! ஆயுள் சான்றுக்காக எந்த அலுவலகமும் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பதில்லை.

அத்தோலைப் பல வேளைகளில் நாமே உரித்துக் கொடுக்கிறோம். கேட்ட இடமெல்லாம் ஆதார் நகலை நீட்டுகிறோம். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே பெறலாம். கைரேகையையும் அங்கே பூட்டி வைக்கலாம். நகல் கொடுத்தே தீர வேண்டுமாயின், எதற்காக, எந்நாளில் என்று அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை, 2023இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அறியலாம்.

பிறரது அடையாளத்தைத் திருடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் சட்டம் செயற்பட முறையீடு வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி மறையுமுன் சொன்னால், அதை முடக்கிவைக்க வழியுண்டு. நாழிகை செல்லச் செல்ல அவ்வழி அடைபடும்.

அந்த நாழிகையை விழுங்குவது எது? பல இல்லங்களில் அது அச்சமே. திருடனைப் பற்றிய அச்சமன்று, பெற்ற பிள்ளைகளைப் பற்றிய அச்சம். “இது கூடவா தெரியாது?” என்ற ஏச்சுக்கு அஞ்சி, ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த பெரியவர் இரவெல்லாம் வாய் திறவாதிருக்கிறார். நாமும் நம் வீட்டு முதியோரிடம் சிடுசிடுத்ததுண்டு. அன்று நாமே அறியாமல் திருடனுக்குத் துணை நின்றோம்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வோம்: “ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். எந்த வேளையானாலும் எடுப்போம். ஏமாந்துவிட்டாலும் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்.” சொன்னபடி நடக்கவும் செய்வோம். ஈசாக்குக்கு வாய்க்காத துணை நம் இல்லத்து முதியோருக்கு வாய்க்கட்டும்.