தடுப்பு ஊசிக்கு உதவும் கணக்கு

குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்த நிலையம் அது. பின்னர் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே தயாரானது. மலையில் பிறந்த மருந்து நாடெங்கும் குழந்தைகளைக் காத்தது.

இப்போது பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி போடுகிறார்கள். அது ஹெபடைடிஸ்-பி என்னும் மஞ்சள் காமாலையைத் தடுக்கும் ஊசி. அந்த மருந்து விளைவது ஈஸ்டில்!

ஈஸ்டில் விளையும் மருந்து

ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த ஈஸ்டோ அதன் உறவினமோதான். நோய்க்கிருமியின் ஒரே ஒரு மரபணுவை அதனுள் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அதற்கு உரிய புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதமே ஊசி மருந்து. அதில் நோய்க்கிருமி கிடையாது. அமெரிக்காவில் 1986-ல் இது அனுமதி பெற்றது. ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-ல் இந்தியாவிலேயே தயாரித்து வெளியிட்டது.

ஆனால், ஈஸ்ட் சும்மா விளைச்சல் தராது. பக்குவம் வேண்டும்.

ஊட்டியில் மாவு அரைக்கும் தாய்மார்களுக்கு இது தெரியும். குளிரில் இட்லி மாவு எளிதில் புளிக்காது. அடுப்பருகே வைத்தால் புளிக்கும். அங்கேயும் வழக்கமான நேரம் விட்டுவைத்தால் மிஞ்சிப் புளித்துவிடும். சூட்டை மாற்றினால் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

ஈஸ்டுக்கும் அப்படியே. சூடு, புளிப்பு, காற்று, உணவு எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியவை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் இந்த உறவு தெரியாது.

128-க்குப் பதில் 8

ஏழு அம்சங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தால் 128 சோதனைகள் ஆகும். கணக்குப்படி தேர்ந்தெடுத்த 8 சோதனைகளிலேயே முக்கியமானவற்றைச் சலித்து எடுத்துவிடலாம். தேறிய இரண்டு மூன்றை மட்டும் பிறகு சேர்த்து மாற்றி, நுட்பமாகச் சோதிக்கலாம். அவற்றின் உறவும் அப்போது தெரிந்துவிடும்.

இத்தகைய சேர்க்கைகளை அமைக்க 1940-களில் வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் சி.ஆர்.ராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் ஹடகளியில் 1920-ல் பிறந்த புள்ளியியல் மேதை அவர்.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு சோதனைக்கும் பணமும் நாளும் செலவாகும். அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறும். வீண் சோதனை குறைந்து விளைச்சல் பெருகினால் விலை இறங்கும்.

ஆகவே, உயிரியல் வேறு, கணக்கு வேறு என்று மாணவர்களைப் பிரித்து வைக்கக்கூடாது. சோதனைக்கு முன் திட்டம் போடக் கல்லூரிகளில் கற்றுத்தர வேண்டும். தேயிலை பறிக்கும் தாயின் குழந்தைக்கும் பங்களாவில் பிறக்கும் குழந்தைக்கும் ஒரே ஊசிதான். அது இருவருக்கும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்.