யாலவின் வாசலில் ஒரு வரம்பு வேண்டும்

யால தேசிய பூங்காவின் பலட்டுபான வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். விடுமுறைக் காலத்தில் அதற்கு வெகு முன்பே அங்கு நூற்றுக்கணக்கான ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்ளே போனதும் பெரும்பாலானோர் தேடுவது சிறுத்தையைத்தான். பாலை மரக் கிளையொன்றில் அது படுத்திருப்பதை ஒரு சாரதி கண்டுவிட்டால் போதும், கைத்தொலைபேசியில் செய்தி பறக்கும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மண்பாதையில் சில நிமிடங்களுக்குள் இருபது, முப்பது வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். புழுதியும் டீசல் புகையும் எழும். "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ" என்று பின்னிருக்கையிலிருந்து குரல்கள் வரும். மரத்திலிருந்து இறங்கிப் பாதையைக் கடக்க அந்த விலங்குக்கு இடமே இருக்காது.

இதை இனியும் அனுமதிக்கக் கூடாது. யாலவின் முதலாம் வலயத்துக்குள் காலையில் எத்தனை வாகனங்கள், மாலையில் எத்தனை வாகனங்கள் என்ற எண்ணிக்கை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அது நிரம்பியதும், வெளியே காத்திருப்பவர் யாராக இருந்தாலும் வாசல் மூடப்பட வேண்டும்.

யாலவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்து வலயங்களும் சேர்ந்து 979 சதுர கிலோமீற்றர். ஆனால் பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் போவது சுமார் 141 சதுர கிலோமீற்றர் மட்டுமே கொண்ட முதலாம் வலயத்துக்கு. பற்றைக்காடும் பாறைக்குன்றும் திறந்த வெளியும் கலந்த அந்த நிலத்தில் சிறுத்தைகள் அடர்த்தியாக வாழ்கின்றன, கண்ணிலும் எளிதாகப் படுகின்றன. அதனாலேயே நெரிசல், நெரிசலினாலேயே வேகம். இந்தப் பூங்காவுக்குள் வாகனம் மோதிச் சிறுத்தைக் குட்டி இறந்திருக்கிறது. 2022 ஒக்டோபரில் உள்ளே வாகனங்களை மூர்க்கமாக ஓட்டிய காணொளிகள் பரவியபோது நாடே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அன்றாடம் நடக்கும் சிறு வேகங்களைப் பற்றி அதன் பிறகு பெரிதாக யாரும் பேசவில்லை.

வரம்பு என்றதும் முதலில் எழும் எதிர்ப்பு யாலவுக்கு அருகிலுள்ள திஸ்ஸமகாராமவிலிருந்து வரும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே ஜீப் ஓட்டுபவர்களில் பலர் லீசிங் தவணை கட்டுபவர்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கும் சாரதியிடம் பயணி கேட்கும் முதல் கேள்வியே "சிறுத்தை காட்டுவீர்களா?" என்பதுதான். காட்டினால் சந்தோசம் கிடைக்கும், காட்டாவிட்டால் இணையத்தில் குறை எழுதுவார்கள். வேகத்துக்குச் சாரதியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். வரம்பை முறையாகக் கொண்டுவந்தால் அவருக்கும் அதில் நன்மை உண்டு. பதிவு செய்த ஜீப்புகளுக்கு முறை வைத்து ஓட்டம் கொடுத்து, கட்டணத்தையும் நிர்ணயித்துவிட்டால் இன்றைய அடிமட்ட விலைப்போட்டி நிற்கும். வெளியூர் நிறுவனங்கள் கொண்டுவந்து குவிக்கும் வண்டிகளோடு மல்லுக்கட்டும் நிலையும் மாறும். ஒவ்வொரு வண்டியிலும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழிகாட்டி ஏறுவதும் அப்போதுதான் சாத்தியமாகும். இன்றைய எண்ணிக்கைக்கு ஆளுக்கு எங்கே போவது?

கட்டுப்பாடு வைத்தால் பயணிகள் வரமாட்டார்கள் என்ற பயத்துக்கு இந்தத் தீவிலேயே பதில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் உத்தியோகத்தர்கள் பயணியின் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் பொலித்தீன் உறையிலிருந்து கடதாசிப் பைக்கு மாறுகிறது. தண்ணீர்ப் போத்தலின் லேபல் உரித்தெடுக்கப்படுகிறது. குளிரில் விறைத்த கைகளோடு அதைச் செய்யும் அந்த ஊழியர்களுக்கு நாடு நன்றி சொல்ல வேண்டும். சமவெளியில் மேயும் மரைகள் பொலித்தீனைத் தின்று செத்த அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கண்டிப்பு மிகையானதல்ல. இவ்வளவுக்குப் பிறகும் அங்குள்ள உலகமுடிவு என்னும் செங்குத்துச் சரிவைப் பார்க்கப் போகிறவர்கள் குறையவில்லை. சிங்கராஜ வனத்தின் காட்டுப்பாதையில் வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். எழுபதுகளில் பிளைவுட்டுக்காக வெட்டப்பட்டு, எதிர்ப்பு வலுத்த பிறகே காப்பாற்றப்பட்ட காடு அது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அட்டை கடிக்கும், மழை நனைக்கும். ஆனாலும் வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் அதற்கென்றே விமானம் ஏறி வருகிறார்கள். இன்னொரு வெப்பமண்டலத் தீவான போர்னியோவில் 4,095 மீற்றர் உயரக் கினபாலு மலையில் ஏற ஒரு நாளில் இருநூறு பேருக்குக்கூட அனுமதி கிடையாது, வழிகாட்டியும் கட்டாயம். அந்த அனுமதிக்காக மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்கிறார்கள்.

யாலவில் இடம் கிடைக்காதவர்கள் போக வேறு காடுகள் உண்டு. வில்பத்து யாலவை விடப் பெரியது, அதன் வில்லுக் குளங்களின் கரையிலும் சிறுத்தை நடக்கிறது. குமணவில் நீர்ப்பறவைகள் இருக்கின்றன. ஆனால் யாலவின் கூட்டத்தை அப்படியே தூக்கி வில்பத்தில் இறக்கினால் பத்து வருடத்தில் அங்கும் இதே கதைதான். அங்கெல்லாம் கூட்டம் சேருவதற்கு முன்பே வரம்பு வந்துவிட வேண்டும். சிறுத்தையை மட்டுமே விற்கும் விளம்பரமும் மாற வேண்டும். ஜூன், ஜூலையில் பாலைப் பழம் பழுக்கும்போது கரடி மரமேறித் தின்னும் காட்சி எந்தச் சிறுத்தைக்கும் குறைந்ததல்ல.

பூங்காவின் எல்லைக்கு வெளியே வாழும் சிறுத்தைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், சிவனொளிபாதமலையின் அடிவாரத் தோட்டமொன்றில், அரிய கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. மீட்டுச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. மலையகத்தில் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. லயனுக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் நட்ட கிழங்கையும் மரக்கறியையும் ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு யார் ஈடு செய்வது? யாலவில் ஒரு சிறுத்தையைப் பார்க்க வெளிநாட்டவர் டொலரில் கட்டணம் செலுத்துகிறார். தேயிலை மலையில் அதே இனத்தோடு அயலில் வாழும் தொழிலாளிக்கு அதில் ஒரு சதமும் வருவதில்லை. நுழைவுக் கட்டண வருமானத்தின் ஒரு பங்கு இந்த நிலங்களுக்கு வேலி அமைக்கவும், பயிரழிவுக்கு ஈடு கொடுக்கவும், சுருக்கு அகற்றும் குழுக்களில் தோட்டத்து இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஒதுக்கப்பட வேண்டும்.

2018இல் இந்நாட்டுக்கு 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். குண்டுவெடிப்பு, பெருந்தொற்று, பொருளாதார நெருக்கடி எல்லாம் தாண்டி 2024இல் மீண்டும் 20 லட்சத்தைக் கடந்தாயிற்று. எண்ணிக்கை இன்னும் ஏற வேண்டும் என்பதே அரசின் விருப்பம். வறட்சிக் காலத்தில், வழமையாகச் செப்டெம்பர் முதல் சில வாரங்கள், யாலவின் முதலாம் வலயம் மூடப்படுகிறது. அடுத்த முறை அது மூடப்படும் நாளுக்குள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஆய்வாளர்களையும் ஜீப் சங்கங்களையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். வாகன எண்ணிக்கையும் முறை ஒழுங்கும் கட்டணமும் அங்கே முடிவாகி, வாசல் மீண்டும் திறப்பதற்கு முன் வர்த்தமானியில் வெளிவர வேண்டும்.