பருப்பு உடைந்தால் பழி யார் மேல்?



போன மாதம் உதியன்குளங்கரையில் நம் சங்கக் கூட்டம் நடந்தபோது ஒரு தகராறு எழுந்தது. பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் எழுந்து, "எங்க அண்டி ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. அந்தப் பக்கத்துக்காரிய கொறஞ்ச கூலிக்குத் தல்லப் போனதுதான் காரணம்" என்றார். அவர் உட்காருமுன் அவருடைய சொந்தத் தங்கையே எழுந்துவிட்டார். குழித்துறையில் கட்டிக்கொடுத்தவர், அன்று அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார். "நான் தல்லாம இருந்தா எம் பிள்ளையளுக்கு நீ கஞ்சி ஊத்துவியாக்கா?" என்று கேட்டார். கூட்டம் வாயடைத்துப் போயிற்று.

அந்த மௌனத்தில் கடைக்காரர் ஒருவர் தன் பங்குக்குச் சொன்னார்: "எல்லை தாண்டிப் போனபிறகு பருப்போட தரமே போச்சு. கொல்லத்துக்காரிகளுக்கு இருந்த கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

கூலி குறைந்ததற்கும் தொழிலாளிதான் குற்றவாளி, தரம் குறைந்ததற்கும் தொழிலாளிதான் குற்றவாளி என்று ஆயிற்று. ஆலையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவரைப் பற்றி மட்டும் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நாம் எழுதுகிறோம்.

ஆலைக்குக் கால் முளைத்த கதை

கொல்லத்து முந்திரிப் பருப்பு 1920களிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சரக்கு. அதைத் தல்லி, தோலெடுத்து, தரம் பிரித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வாங்கினார்கள். பஞ்சப்படி, போனஸ், வைப்புநிதி, இ.எஸ்.ஐ. எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அப்போதுதான் ஆலைகளுக்குக் கால் முளைத்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே திருவிதாங்கூராக இருந்த மண்ணில் கோடு விழுந்தது. அந்தக் கோடு நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சம்பந்தம் பேசப் போகவும் சாவு வீட்டுக்குப் போகவும் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. முதலாளிமாருக்கோ அது பெரிய வசதியாயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூலி, அந்தப் பக்கம் அதைவிடக் குறைந்த கூலி. கொல்லத்து மூட்டைகள் குமரி மாவட்டத்துக்கு வண்டியேறின. அதே வியாபாரி, அதே பருப்பு, அதே அமெரிக்கக் கப்பல். மாறியது கூலிச் சீட்டு மட்டும்.

கேரள அரசு 1969இல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. 1984இல் கூட்டுறவுத் துறையில் காப்பெக்ஸ் வந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனாலும் அந்த ஆலைகளில்கூட ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதில்லை. 2015இல் கூலி உயர்ந்தபின் தனியார் ஆலைகள் நூற்றுக்கணக்கில் மூடின. கூலி கட்டவில்லை, வங்கிக்கடன் அடைக்க முடியவில்லை, 2016இல் பச்சைக் கொட்டைக்கு இறக்குமதி வரி போட்டார்கள் என்று முதலாளிமார் காரணம் சொன்னார்கள். சிறு ஆலைக்காரர் சிலர் கடனில் மூழ்கியது உண்மைதான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கூலி உயராத காலத்திலும் மூட்டைகள் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தன.

இதற்குள் தொழில் கடலும் தாண்டிவிட்டது. 2006 முதல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தி வியட்நாம் முதலிடத்துக்கு வந்தது. அங்கே இயந்திரம் உடைக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். போதைப் பழக்கம் என்று பிடித்து அடைத்து வைத்தவர்களைக் கொண்டு முந்திரி வேலை வாங்கினார்கள் என்பதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2011இல் அறிக்கையாகவே வெளியிட்டது. கூலி குறைந்த இடத்தைத் தேடிப் போகும் பாதை கடைசியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தரம் யார் கையில்?

இனி கடைக்காரர் சொன்ன தரத்துக்கு வருவோம். முந்திரியில் தரம் என்பது முதலில் முழுப்பருப்பு. ஒரு ராத்தலுக்கு 220 முதல் 240 பருப்பு நின்றால் டபிள்யூ 240. 300 முதல் 320 நின்றால் டபிள்யூ 320. பருப்பு பெரிதாக இருந்தால் விலை அதிகம். உடைந்துவிட்டாலோ விலை வெகுவாக இறங்கிவிடும்.

பருப்பு ஏன் உடைகிறது? அண்டி ஆபீசில் ஒருநாள் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். கொட்டையைச் சரியாக வறுக்காவிட்டால், அல்லது நீராவியில் பதமாக அவிக்காவிட்டால் ஓடு ஒழுங்காகப் பிளக்காது. பருப்போடு சேர்ந்து நொறுங்கும். போர்மாவில் போதிய நேரம் வைக்காவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் பிய்க்கும்போது பருப்பு பிளக்கும். அளவுக்கு மேல் காய்ந்தால் தொட்டாலே உடையும். கிடங்கில் கிடந்து கெட்ட கொட்டையை எந்தக் கைப்பக்குவத்தாலும் நல்ல பருப்பாக்க முடியாது.

இவற்றில் எது தல்லுகிற பெண்ணின் கையில் இருக்கிறது? கொட்டை வாங்குவது முதலாளி. விறகும் நேரமும் மிச்சம் பிடிப்பது மேலாளர். அவள் கையில் இருப்பது ஒரு சுத்தியல், அல்லது கையாலும் காலாலும் இயக்கும் வெட்டுக் கருவி; அவ்வளவுதான். கொட்டையின் கறை தோலைப் பொத்துப்போக வைக்கும் என்று சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருகிறாள். கூலியோ கிலோக் கணக்கு. கிலோவுக்குக் கூலி குறைவென்றால் அடுப்பு எரிய அவள் அதிகக் கிலோ தல்லியாக வேண்டும். வேகம் கூடினால் உடைசல் கூடும். உடைசல் கூடினால் கூலியில் பிடித்தம். பிடித்தத்தை ஈடுகட்ட இன்னும் வேகம். இந்தச் செக்கில் கட்டியவனை விட்டுவிட்டு மாட்டை அடிப்பது என்ன நியாயம்?

கொல்லத்துக்காரிக்குக் கைப்பக்குவம் இருந்தது உண்மை. அது தண்ணீரால் வந்ததல்ல. நிலையான வேலை இருந்தது. அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கணக்கில் காலம் இருந்தது. நிதானமாகத் தல்லினாலும் வீட்டுக்கு அரிசி வாங்கும் அளவுக்குச் சங்கம் வாங்கிக்கொடுத்த கூலி இருந்தது. அதே கூலியும் அதே நிதானமும் கொடுத்தால் குழித்துறைத் தங்கையின் கையும் முழுப்பருப்புத்தான் எடுக்கும். இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

சீமைச் செருப்பிலும் இதே கதை

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் நார்தாம்டன்ஷயர் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன பகுதி. டாக்டர் மார்ட்டன்ஸ் என்ற பூட்ஸ் அங்கே தொழிலாளருக்காகவே பிறந்தது. 2003இல் அதன் உற்பத்தியைச் சீனத்துக்கும் தாய்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. வாங்கியவர்கள், 'பழைய உழைப்பு இல்லை, சீக்கிரம் பிய்கிறது, ஆசியாக்காரன் தைத்தால் இப்படித்தான்' என்றார்கள். பிறகு கம்பெனியே கொஞ்சம் பூட்ஸை இங்கிலாந்தில் செய்து, 'இங்கிலாந்தில் செய்தது' என்று முத்திரை குத்தி, கூடுதல் விலைக்கு விற்றது. பார்த்தீர்களா தந்திரத்தை! முதலில் தொழிலாளியைத் துரத்தினார்கள். பின்னர் அவனுடைய ஊர்ப் பெயரையே சரக்காக்கினார்கள்.

நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் வெளிநாட்டுப் பெயர்களுக்குச் செருப்பு தைக்கிறார்கள். தோலின் கனத்தை அவர்களா தீர்மானிக்கிறார்கள்? பசையையும் அடியையும் அவர்களா வாங்குகிறார்கள்? எல்லாம் விலை பேசுகிற வியாபாரி எழுதிக்கொடுத்தது. தோலை மெலிதாக்கியது கணக்குப் புத்தகம். பழி மட்டும் தையல்காரியின் ஊசி மேல் விழுகிறது.

நம் பங்கையும் சொல்லிவிடுவோம்

ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் ஒரு காலத்தில் முந்திரியில் முன்னணி நாடு. 1990களில் உலக வங்கி நெருக்கியதால் பச்சைக் கொட்டையின் ஏற்றுமதி வரியை அந்த அரசு குறைத்தது. கொட்டை உடைக்காமலே இந்தியாவுக்குக் கப்பலேறிற்று. அங்கே ஆலைகளில் இருந்த ஏறத்தாழப் பத்தாயிரம் தொழிலாளரில் பெரும்பாலோர் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கொட்டையைத் தல்லியவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அன்று மொசாம்பிக்கின் ஒரு தாய் நம்மைச் சபித்திருப்பாள், இன்று பாறசாலைத் தாய் குழித்துறைத் தங்கையைச் சபித்ததைப் போல. நாம் அவளுக்கு எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. தங்கையும் அக்காளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆகவே சபிக்க வேண்டிய இடம் வேறு.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, எல்லைக்கு இரு பக்கத்திலும் தல்லுக்கும் தோலெடுப்புக்கும் தரம் பிரிப்புக்கும் ஒரே கூலி. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசட்டும். தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் பேசுகிறவர்கள் கூலிக்குப் பேசக்கூடாதா?

இரண்டாவது, வறுப்பிலும் அவிப்பிலும் வந்த குறைக்கு உடைசல் பிடித்தம் கூடாது.

மூன்றாவது, பொட்டலத்தின் மேல் கொல்லம் என்று பெயர் போட்டால், எந்த ஊரில் தல்லியது என்றும் போடட்டும். வாங்குகிறவனுக்குத் தெரியட்டும்.

இவை மனுக்கொடுத்தால் வந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. ரயில்வேயில் இருக்கும் நமக்கு ஒன்று தெரியும்: திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வண்டி போகும்போது எல்லையில் சம்பள விகிதம் மாறுவதில்லை. பாறசாலை நிலையத்துக் குமாஸ்தாவுக்கும் குழித்துறை நிலையத்துக் குமாஸ்தாவுக்கும் ஒரே அளவுகோல். அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ரயில்வேத் தொழிலாளர் ஒன்றாக நின்று கேட்டதால் வந்தது. எங்களுக்கு ஆனது அண்டி ஆபீஸ் பெண்களுக்கு ஏன் ஆகாது?

வரும் மாதக் கூட்டத்துக்கு அக்காளும் வரவேண்டும், தங்கையும் வரவேண்டும். பழைய கூலிச் சீட்டு இருந்தால் அதையும், புதிய சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சீட்டே கொடுக்கவில்லை என்றால் அதையும் வந்து சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரே கொட்டைக்கு இரண்டு சீட்டிலும் எவ்வளவு வித்தியாசம், அந்த வித்தியாசம் யார் பெட்டிக்குப் போயிற்று என்று எல்லார் முன்னாலும் கூட்டிக் கழிப்போம். அதன்பிறகு அக்காள் தங்கையைப் பார்த்துக் கோபப்படுவதா, இருவரும் சேர்ந்து வேறு ஒரு வாசலில் போய் நிற்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.