பதிவேட்டில் எழுதும் பெயர்: தேனிலவு விடுதியும் சாதியின் விசாரணையும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீதிகளில் பிரெஞ்சுக் காலத்து வீடுகள் பல இன்று சிறு விடுதிகளாக மாறியுள்ளன. மஞ்சள் பூசிய சுவர், மதிலின் மேல் படர்ந்த காகிதப்பூக் கொடி, நடுவே முற்றம், அதைச் சுற்றி ஐந்தாறு அறைகள். தேனிலவுக்கு வரும் புதுமணத் தம்பதியருக்குத் தரப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: பெரிய விடுதியில் நீங்கள் வெறும் அறை எண்தான், உரிமையாளரே வாசலில் நின்று வரவேற்று, ஊர் பேர் விசாரித்து, வீட்டுப் பிள்ளைகளைப் போலக் கவனிக்கும் சிறு விடுதியைத் தேர்ந்தெடுங்கள்.

ஊர் பேர் விசாரிப்பது யாருக்கும் தீங்கு தராது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் அறிவுரை இது. சாதி கடந்து மணம் புரிந்தவர்களுக்கு, குறிப்பாக இணையரில் ஒருவர் தலித்தாக இருக்கும்போது, அந்த நம்பிக்கை பொருந்துவதில்லை. 'எந்த ஊர்?' என்ற கேள்வியைத் தொடர்ந்து 'ஊரில் எந்தத் தெரு?' என்ற கேள்வி வரும் என்பதை நாம் அறிவோம். அதே புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, திண்ணையும் தூண்களும் கொண்ட தமிழர் பகுதியில், வைசியாள் வீதி, செட்டி வீதி, வெள்ளாள வீதி என்று வீதிகளே சாதியின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சுற்றுலாப் பயணிக்கு அது மரபின் அழகு. முகவரியைக் கொண்டு மனிதரை அளந்த ஒரு முறையின் மிச்சம் அது என்பதை நாம் மறக்க இயலாது.

விடுதிக் கதவும் அம்பேத்கரும்

தங்குமிடத்தின் பதிவேடு சாதியைக் கேட்பது புதிய செய்தியன்று. 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதியொன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிய பிறகே அறை கிடைத்தது. பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்த அவமதிப்பை அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். பின்னர் அவர் தலைமையில் வரையப்பட்ட அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடைகளோடும் உணவகங்களோடும் தங்கும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் விடுதியிலும் சத்திரத்திலும் இடம் மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

'உன் சாதிக்கு இடமில்லை' என்று இன்று எந்த விடுதியும் பலகை வைப்பதில்லை. மறுப்பு வேறு வடிவங்களில் வருகிறது. 2025 சனவரியில் ஓயோ நிறுவனம், தங்க வரும் இணையர் உறவுக்கான சான்று காட்ட வேண்டும் என்ற விதியை மீரட் நகரில் கொண்டுவந்தது. மணமாகாத இணையருக்கு அறை மறுக்கும் உரிமையைத் தன் கூட்டு விடுதிகளுக்கு வழங்கியது. இது ஒழுக்கம் பற்றிய விவாதமாகவே பேசப்பட்டது. சாதி மறுப்பு இணையருக்கு இதன் பொருள் என்ன என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

சான்று கைக்கு வரும்வரை

பெற்றோர் பார்த்து நடத்தும் திருமணத்தில் மண்டபம், அழைப்பிதழ், ஒளிப்படம், பதிவு எல்லாம் முடிந்த பின்னரே தேனிலவு வருகிறது. சாதி மறுப்புத் திருமணத்தில் வரிசை தலைகீழாகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் புரிய விரும்புவோர் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயரும் முகவரியும் கொண்ட அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். தேடுவோருக்கு அது துப்பாகிவிடுகிறது. இதற்கு அஞ்சுவோர் சுயமரியாதைத் திருமணத்தை நாடுகின்றனர். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அதற்கு முழு ஏற்பு அளிக்கிறது; அது பலர் கூடிய பொது நிகழ்வாக நடைபெறத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2023இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் பதிவுச் சான்று கைக்கு வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம்.

அந்த இடைவெளியில்தான் அவர்களுக்கு ஓர் அறை தேவைப்படுகிறது. அவர்களுக்குத் தேனிலவும் தலைமறைவும் ஒரே அறையில் நிகழ்கின்றன. அப்போது 'சான்று எங்கே?' என்று கேட்கும் விடுதி அவர்களைத் திரும்பவும் தெருவுக்கே அனுப்புகிறது. தெருவில் என்ன நேரும் என்பதற்கு 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் சான்று. உறவினர் வீடும் காப்பதில்லை. 2003இல் உறவினர் வீட்டில் தங்க வைக்கப்பட்டிருந்த கண்ணகி அங்கிருந்து கொண்டுவரப்பட்டு, கணவர் முருகேசனுடன் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கின் குற்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2025 ஆகிவிட்டது.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

வயதுவந்த இருவர் விடுதியறையில் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. கோவையில் முத்திரையிடப்பட்ட ஒரு தங்குமிடம் தொடர்பான வழக்கு அது. ஆகவே விடுதி கேட்கக்கூடியது அடையாளச் சான்று மட்டுமே. தாலியையோ தந்தையின் கைபேசி எண்ணையோ கேட்க அதற்கு உரிமை இல்லை.

ஆனால் அந்த அடையாளச் சான்றே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. ஆதார் அட்டையின் முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் போதும். 2022 மே 27 அன்று, விடுதி போன்ற தனியார் இடங்களில் ஆதார் நகலைத் தர வேண்டாம் என எச்சரிக்கும் அறிவிப்பு ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து வந்தது; இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, கணினியில் ஏற்றப்படாத காகிதப் பதிவேட்டைத் தொடுவதில்லை. வரவேற்பு மேசையில் விரித்து வைக்கப்பட்ட நீளப் பதிவேட்டை அடுத்து வருபவர் எவரும் படிக்கலாம்.

எனவே இத்தகைய இணையருக்கு நாம் சொல்லும் தேர்வு முறை வேறு. முற்றத்தின் அழகைப் பார்க்கும் முன், பதிவேடு யார் கண்ணில் படும் என்பதைப் பாருங்கள். சொந்த மாவட்டத்தையும் உறவினர் வணிகம் செய்யும் ஊரையும் தவிருங்கள். உரிமையாளரின் அன்பான விசாரிப்பைக் காட்டிலும், எதையும் கேட்காத பெரிய விடுதியின் அலட்சியம் அந்த நாட்களில் பாதுகாப்பானது. வயதுச் சான்றையும், மணம் நடந்ததற்கான ஏதேனும் ஓர் ஆவணத்தையும் உடன் வையுங்கள். வழக்கறிஞர் ஒருவருக்கேனும் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

இந்த எச்சரிக்கைகளை எழுதும்போதே நமக்குக் கசக்கிறது. காதலித்து மணந்த இருவர் கடல் தெரியும் சன்னலைத் தேடாமல் பின்வாசலைத் தேட வேண்டியிருப்பது அவர்களின் குற்றமன்று. பொறுப்பு அரசுடையது. சாதி மறுப்பு இணையருக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரளவுக் கட்டணத்தில் ஓராண்டு வரை தங்கக்கூடிய பாதுகாப்பு இல்லங்களை மாவட்டத் தலைநகரங்களில் அமைக்கச் சொன்னது. அந்த இல்லங்கள் எங்கே உள்ளன, எவ்வாறு அணுகுவது என்பதை அரசு பரவலாக அறிவிக்க வேண்டும். வயதுவந்த இணையரின் விவரங்களைக் குடும்பத்தாருக்கோ சாதிச் சங்கத்தாருக்கோ தருவது குற்றத்துக்கு உடந்தையாவதே என்று விடுதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் பேசப்பட்டு வரும் ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்தில் தங்குமிட உரிமையும் ஒரு பிரிவாக இடம்பெற வேண்டும்.

அறை பெறுவதற்காக அண்ணல் பதிவேட்டில் வேறொருவர் பெயரை எழுத நேர்ந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. தம் சொந்தப் பெயரையும் சொந்த ஊரையும் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, அச்சமின்றிக் கடற்கரைக்கு நடந்து செல்லும் உரிமையே இன்று நம் இணையர் கேட்பது.